ஆறாம் மாதம், கீழ்க்கடைவாய்

கும்மிடிப்பூண்டியில் ஏறும்போது விடியவில்லை.
பெண்கள் பெட்டியில் ஒருத்தி
கூடையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டு
இடம் கொடுத்தாள், வயிற்றைப் பார்த்து.
முந்தானைக்குள் வீங்கியிருந்த
இடது கன்னத்தை அவள் பார்க்கவில்லை.

மூன்று வாரமாய் வலது பக்கமே மெல்கிறேன்.
பல் துலக்கினால் தண்ணீர் சிவக்கிறது.
முதல் நாள் தரையில் அந்தச் சிவப்பைக் கண்டு
பாவாடையைத்தான் தூக்கிப் பார்த்தேன்,
கலைந்துவிட்டதோ என்று.
வாயிலிருந்துதான் என்று தெரிந்ததும்
"நல்லவேளை" என்று சத்தமாகச் சொன்னேன்.
கேட்க யாருமில்லை.
சவுக்குத் தோப்புக்கு நடுவே நாலு வீடு,
அதில் இரண்டு பூட்டிக் கிடக்கிறது.
தேசிங்கு மணலியில் ஷிப்டு,
சனி ராத்திரி வருவான், ஞாயிறு பூரா தூங்குவான்.

"புள்ளத்தாச்சி பல்லுல கை வைக்கலாமா?"
நாத்தனார் கிராம்பு கொடுத்தாள்.
கடைக்காரர் மாத்திரை கொடுத்தார், நான் விழுங்கவில்லை.
நர்சம்மா ஸ்கூட்டியில் வந்து
எடை எழுதினார், பிரஷர் எழுதினார்,
ரத்தம் பத்துக்குக் கீழே என்று திட்டினார்.
அட்டையை நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஈறுக்குக் கட்டம் இல்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
கிணற்று மேடை வரை போய்த்
திரும்பி வருகிறேனே,
அதை எந்தக் கட்டத்தில் எழுத?
பல்லைப் பற்றி மட்டும் சொன்னேன்.
"மெட்ராஸ் போயிடு, பெரியாஸ்பத்திரி,
பல்லுக்குன்னே தனியா இருக்கு" என்றார்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கி வழி கேட்டு
வரிசையில் நின்று, சீட்டு வாங்கி,
இன்னொரு வரிசையில் நின்றேன்.
வெயில் ஏறியது. உள்ளே இது உதைத்தது.
"வயித்துக்காரம்மா முன்னாடி வாங்க" என்று
வாட்ச்மேன் கத்தியபோது வெட்கமாகவும்
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. இடது பக்கமாகக்
கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி
முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள்
நிலோஃபர் என்று பட்டை குத்தியிருந்த பெண்.
என்னைவிடச் சின்னவள், படிக்கிறவள்.
"ஆறாவது மாசந்தானே, பயப்படாதீங்க, எடுக்கலாம்."
பெரிய டாக்டர் வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.
ஊசி. உதடு தடித்தது. நாக்கு யாருடையதோ ஆனது.

பல் வந்துவிட்டது.
பஞ்சைக் கடிக்கச் சொன்னாள். கடித்தேன்.
அப்போதுதான் அது தொடங்கியது, கண்ணிலிருந்து.
"வலிக்குதா?"
இல்லை என்று ஆட்டினேன்.
"அப்ப எங்க வலிக்குது?"

பாதி செத்த வாயோடு பஞ்சுக்குள் பேசினேன்.
கிணறு என்றேன், தூக்கமில்லை என்றேன்,
இந்தப் பிள்ளை மேல் ஆசையே வரவில்லை என்றேன்,
நான் கெட்டவளா என்றேன்.
ஒரு எழுத்தும் உருப்படியாக வரவில்லை,
எச்சிலும் ரத்தமுமாகக் கொழகொழத்தது.
புரியாது என்ற தைரியம்தான்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
பஞ்சை எடுத்து வேறு வைத்தாள்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
"எனக்குப் புரியல. திரும்பச் சொல்லுங்க" என்றாள்.
வெளியே வரிசை. யாரோ இருமினார்கள்.
திரும்பச் சொன்னேன்.
இரண்டாம் முறை கிணற்றை மட்டும்.
அது அவளுக்குப் புரிந்தது.

சீட்டின் பின்பக்கம் ஒரு கட்டிடத்தின் பேர் எழுதி
அவளே கூட்டிக்கொண்டு நடந்தாள்.
அங்கும் வரிசைதான், மின்விசிறி மட்டும் வேகம்.
"தேசிங்கு நம்பர் சொல்லுங்க" என்றாள்.
சொன்னேன். ஷிப்டில் இருப்பான், எடுக்க மாட்டான்.
எடுத்தான்.

ஒரு மணி நேரத்துக்குத் துப்பக் கூடாதாம்.
பள்ளத்தை நாக்கு தேடிப் போகிறது,
மரத்த உதட்டை மோதித் திரும்புகிறது.
என் பேரைக் கூப்பிடுகிறார்கள்,
"அஞ்சலாட்சி."
எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகிறது எனக்கு.